ஜோன் ஹார்ட் அக்காவா, தங்கையா?

 

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பெண்மணி பிறந்த ஆண்டு. அவர் நாடாண்டவர் அல்லர், நூல் எழுதியவரும் அல்லர். அவருடைய கணவர் தொப்பி செய்து விற்றவர். இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் வாழ்ந்து, 1646ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் அதே ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர். பெயர் ஜோன் ஹார்ட். இந்தப் பெயரை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவரோடு உடன்பிறந்தவரின் பெயரைக் கேட்காதவர் இந்த மண்டபத்தில் யாரும் இருக்க முடியாது. அவர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

ஊரறிந்த கவிஞரை விட்டுவிட்டு ஊரறியாத உடன்பிறந்தாளை ஏன் எடுத்தேன்? காரணம் இருக்கிறது. ஷேக்ஸ்பியருக்கு இன்று நேர் வாரிசு ஒருவரும் கிடையாது. ஒரே மகன் ஹாம்னெட் பதினொரு வயதில் போய்ச் சேர்ந்தான். மகள் ஜூடித்துக்குப் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகளும் தாய் கண்ணெதிரே இறந்தார்கள். மூத்த மகள் சுசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் 1670இல் பிள்ளையில்லாமல் மறைந்தார். அத்தோடு அந்தக் கொடி அறுந்துவிட்டது. கவிஞரின் தாய் தகப்பன் வழி வந்தவர் நான் என்று இன்றைக்கு ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமானால், அது ஜோன் வழியாகத்தான். அந்த வம்சத்துக்கு மூதாட்டி ஜோன். அந்த மூதாட்டி பிறந்த ஆண்டைத்தான் நாம் சரியாகத் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

ஸ்ட்ராட்ஃபோர்டு திரித்துவக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறப்போம். 1558 செப்டம்பர் 15ஆம் நாள்: ஜான் ஷேக்ஸ்பியரின் மகள் ஜோன். பக்கங்களைப் புரட்டுவோம். 1569 ஏப்ரல் 15ஆம் நாள்: ஜான் ஷேக்ஸ்பியரின் மகள் ஜோன். அதே தகப்பன். அதே பெயர். அதே கோயில். இடையில் பத்தரை ஆண்டுகள். அந்தப் பத்தரை ஆண்டுகளுக்கு நடுவில், 1564 ஏப்ரல் 26ஆம் நாள், வில்லியத்தின் ஞானஸ்நானம். அப்படியானால் தொப்பிக்காரரின் மனைவியாகி, பிள்ளை பெற்று, முதுமை கண்டு 1646இல் அடக்கமான ஜோன் எந்த ஜோன்? 1558இல் ஞானஸ்நானம் பெற்றவரா? அப்படியென்றால் அவர் கவிஞருக்கு அக்கா. 1569இல் பெற்றவரா? அப்படியென்றால் தங்கை.

அவசரக்காரர் என்ன செய்வார்? பதிவேட்டில் முதலில் கண்ணில் பட்ட ஜோனைப் பிடித்துக்கொள்வார். 1558 என்று வம்சாவளியில் எழுதிவிடுவார். அவர் எழுதியதைப் பார்த்துத் தம்பி எழுதுவார், தம்பியைப் பார்த்து மருமகன் எழுதுவார். மூன்று தலைமுறை போனால் அது வேதவாக்கு ஆகிவிடும். "எங்கள் தாத்தா கைப்பட எழுதியது, தப்பாகுமா?" என்று சண்டைக்கு வருவார்கள். தாத்தா மேல் வைத்த மரியாதைக்கும் தேதி சரியா என்பதற்கும் சம்பந்தமில்லை, அன்பர்களே. தாத்தாவுக்கு யார் சொன்னார்கள், சொன்னவருக்கு எது சாட்சி என்று கேட்பதுதான் முறை.

சாட்சி எங்கே இருக்கிறது? இரண்டு இடத்தில். ஒன்று கோயில் பதிவேடு. மற்றொன்று பழைய உயில்.

முதலில் பதிவேட்டைப் பார்ப்போம். 1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவானவரிடம், மற்றொரு சாவி சபை மூப்பர்களிடம். தொடக்கத்தில் பெரும்பாலும் சாதாரணத் தாளில்தான் எழுதினார்கள். தாள் நைந்தது, கிழிந்தது. ஆகவே 1598இல் மறுபடியும் ஓர் ஆணை வந்தது: பழைய பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுங்கள், குறிப்பாக எலிசபெத் அரசியார் பட்டத்துக்கு வந்த 1558 முதல் படியெடுங்கள் என்று. அதனால்தான் இங்கிலாந்தில் பல கோயில்களின் பதிவேடுகள் 1558இல் தொடங்குகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டு பதிவேடும் 1558இல்தான் தொடங்குகிறது. வில்லியம் ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவு என்று இன்று நாம் பார்ப்பது, தண்ணீர் தெளித்த அன்றைக்கே எழுதிய எழுத்து அன்று. முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதிய படி. 1558 முதல் 1600 வரை பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து. பார்த்து எழுதுகிறவர் ஒரு வரியை விடலாம், ஓர் எண்ணை மாற்றலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பதிவேட்டின் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். பதிவேடு சொல்வது ஞானஸ்நானம் நடந்த நாளை. பிள்ளை பிறந்த நாளை அது சொல்வதில்லை. உலகமெல்லாம் ஏப்ரல் 23ஐ ஷேக்ஸ்பியரின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறதே, அந்தத் தேதி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? எதிலும் இல்லை! ஏப்ரல் 26 ஞானஸ்நானம் என்பது மட்டுமே ஏட்டில் உள்ளது. பிறகு 23 எப்படி வந்தது? 1559ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், பிள்ளை பிறந்ததும் அடுத்து வரும் ஞாயிறு அல்லது திருநாளைத் தாண்டி ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று பெற்றோருக்கு அறிவுறுத்தச் சொன்னது. 1564இல் ஏப்ரல் 23 ஒரு ஞாயிற்றுக்கிழமை. 25 மாற்கு திருநாள். 26 புதன்கிழமை. கோயிலுக்குள் இருக்கும் நினைவுச்சின்னம், அவர் 1616 ஏப்ரல் 23இல் தமது 53ஆம் வயதில் இறந்தார் என்கிறது. 53ஆம் வயது நடக்கிறது என்றால் 52 நிறைந்துவிட்டது என்று பொருள். ஆகவே அவர் 1564 ஏப்ரல் 23 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். 26ஆம் தேதிக்குள் ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. 21ஆ, 22ஆ, 23ஆ? பேத்தி எலிசபெத் திருமணத்துக்கு ஏப்ரல் 22ஐத் தேர்ந்தெடுத்தது தாத்தாவின் பிறந்தநாள் என்பதாலோ என்று எழுத்தாளர் டி குவின்சி ஊகித்தார். அழகான ஊகம்தான். ஆனாலும் அது ஊகமே. நேர்மையான குடும்ப வரலாற்றாசிரியர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26, பிறப்பு அதற்குச் சில நாள் முன்பு.

இப்போது ஜோனிடம் திரும்புவோம். ஒரே பெற்றோருக்கு இரண்டு ஜோன் எப்படி? முதல் குழந்தை இறந்து, அதே பெயரை அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு வைத்திருப்பார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். தோன்றுவது சரிதான். ஆனால் சாட்சி? முதல் ஜோனை அடக்கம் செய்த பதிவு அந்தப் பதிவேட்டில் இல்லை. இதே பெற்றோரின் இன்னொரு பெண் மார்கரெட்டுக்கு இருக்கிறது: 1562 டிசம்பர் 2 ஞானஸ்நானம், 1563 ஏப்ரல் 30 அடக்கம். ஜோனுக்கு இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஞானத்தாய், ஞானத்தந்தையின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கத்தால், ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்ததும் உண்டு. ஆகவே பெயர் மறுபடி வந்தது ஒன்றை மட்டும் வைத்து முதல் பிள்ளை இறந்தது என்று முடிவு கட்டக் கூடாது. பதிவேடு இங்கே நம்மைக் கைவிடுகிறது.

கைவிட்ட இடத்தில் கைகொடுப்பது எது? உயில்!

ஷேக்ஸ்பியரின் உயில் மூன்று தாள். இன்று இலண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த உயிலில் மனைவிக்கு விட்ட கட்டிலைப் பற்றி உலகம் நெடுங்காலமாகப் பேசுகிறது. நான் கட்டிலைப் பற்றிப் பேச வரவில்லை. உடன்பிறந்தாள் ஜோனுக்கு என்ன விட்டார் என்று பாருங்கள். இருபது பவுன் பணம். தாம் உடுத்திய உடுப்புகள் எல்லாம். அவர் குடியிருக்கும் வீடு, அவருடைய ஆயுள் வரைக்கும். வாடகை ஆண்டுக்குப் பன்னிரண்டு பென்னி. வாடகை என்று பெயருக்கு ஒரு தொகை. வீடு மகள் சுசன்னாவுக்குச் சேர வேண்டியது, ஆனாலும் ஜோனை யாரும் வெளியேற்றக் கூடாது என்பதற்காக எழுதிய வரி அது.

அடுத்த வரிதான் நமக்கு வேண்டிய வரி. ஜோனுடைய மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் தலைக்கு ஐந்து பவுன். மூவரின் பெயரையும் எழுத வேண்டும். வில்லியம் ஹார்ட் என்று எழுதியிருக்கிறது. கடைசியில் மைக்கேல் ஹார்ட் என்று எழுதியிருக்கிறது. நடுப் பிள்ளையின் பெயர்? இடம் விட்டிருக்கிறது. வெற்றிடம்! உயில் சொன்னவருக்கு அந்த நேரத்தில் பெயர் நினைவுக்கு வரவில்லையோ, பிறகு கேட்டு எழுதலாம் என்று எழுத்தர் விட்டாரோ, அந்த இடம் கடைசி வரை நிரப்பப்படவில்லை. அந்த வெற்றிடத்தோடுதான் 1616 ஜூன் 22இல் நீதிமன்றம் உயிலை உறுதி செய்தது.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது? பதிவேடு நிரப்புகிறது. ஹார்ட் வீட்டுப் பிள்ளைகளைப் பதிவேட்டில் வரிசையாகப் பாருங்கள். வில்லியம், 1600 ஆகஸ்ட் 28. மேரி, 1603 ஜூன் 5; பாவம், நான்கு வயதில் இறந்துவிட்டாள். தாமஸ், 1605 ஜூலை 24. மைக்கேல், 1608 செப்டம்பர் 23. நடுப் பிள்ளை தாமஸ். பதிவேடு விட்டதை உயில் சொல்கிறது, உயில் விட்டதைப் பதிவேடு சொல்கிறது. இரண்டையும் ஒரே மேசை மேல் வைக்காதவருக்கு எந்த மூதாதையரின் தேதியும் பிடிபடாது.

இப்போது கணக்குப் போடுவோம். உயிலில் வரும் ஜோன், மைக்கேலின் தாய். மைக்கேல் பிறந்தது 1608. தாய் 1558இல் பிறந்தவர் என்றால் அப்போது அவருக்கு ஐம்பது வயது. முதல் பிள்ளை வில்லியம் பிறந்தபோது ஏறக்குறைய நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு வயதில் முதல் பிள்ளை பெற்று, அதன் பின் மூன்று பெற்று, ஐம்பதில் கடைசிப் பிள்ளை என்பது நம்பக் கூடியதா? இறந்தபோது எண்பத்தெட்டு என்று வேறு ஆகிறது. 1569இல் பிறந்தவர் என்று வைத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு முப்பத்தொன்று, கடைசிப் பிள்ளைக்கு முப்பத்தொன்பது, இறக்கும்போது எழுபத்தேழு. எல்லாம் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே தொப்பிக்காரரின் மனைவி ஜோன் கவிஞரின் தங்கை. ஞானஸ்நானம் 1569 ஏப்ரல் 15. முதல் ஜோன் பெரும்பாலும் அடக்கப் பதிவு இல்லாமல் சிறு வயதிலேயே மறைந்த குழந்தையாக இருக்கலாம். வம்சாவளியில் 1558 என்று எழுதியிருப்பவர் யாராக இருந்தாலும் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜோனின் கதை இத்தோடு முடியவில்லை. உயில் எழுதியது 1616 மார்ச் 25. கணவர் வில்லியம் ஹார்ட்டை அடக்கம் செய்தது ஏப்ரல் 17. அண்ணனை அடக்கம் செய்தது ஏப்ரல் 25. ஒன்பது நாளுக்குள் இரண்டு பதிவுகள். அந்தப் பன்னிரண்டு பென்னி வாடகை வீட்டில் அவர் இன்னும் முப்பது ஆண்டு வாழ்ந்தார். கடைசி மகன் மைக்கேல் 1618இலேயே இறந்துவிட்டான். கவிஞரின் பேத்தி எலிசபெத் சாகும் தறுவாயில் எழுதிய உயிலைப் பாருங்கள்: ஜோன் வாழ்ந்த ஹென்லி தெரு வீடுகளைத் தம் உறவினர் தாமஸ் ஹார்ட்டுக்கும் அவர் சகோதரர் ஜார்ஜுக்கும் எழுதி வைத்தார். யார் இவர்கள்? ஜோனின் மகன் தாமஸின் பிள்ளைகள். எந்தப் பிள்ளையின் பெயர் உயிலில் வெற்றிடமாகப் போனதோ, அந்தப் பிள்ளையின் வழிதான் நிலைத்தது! அந்த வழியினர் கையில்தான் 1806 வரைக்கும் அந்த வீடு இருந்தது. இன்று உலகத்து மக்கள் பார்க்கப் போகும் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு அதுதான்.

இனி ஒரு பெரிய பள்ளத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பல நல்ல ஆராய்ச்சியாளர்கள் விழுந்த பள்ளம். இங்கிலாந்தில் 1752 வரைக்கும் சட்டப்படி ஆண்டு பிறந்தது எப்போது? ஜனவரி 1 அன்று அல்ல. மார்ச் 25ஆம் நாள்! ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சில் முதல் இருபத்து நான்கு நாளும் முந்தைய ஆண்டைச் சேர்ந்தவை. இதன் விளைவு என்ன என்று ஷேக்ஸ்பியர் வீட்டிலேயே பாருங்கள். மூத்த மகள் சுசன்னாவுக்கு ஞானஸ்நானம் 1583 மே 26. இரட்டையர் ஹாம்னெட், ஜூடித் இருவருக்கும் பதிவேட்டுக் கணக்கில் 1584 பிப்ரவரி 2. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எட்டு மாதத்தில் அடுத்த பிரசவம், அதுவும் இரட்டை! நடக்குமா? பதிவேட்டின் 1584 பிப்ரவரி நம் கணக்கில் 1585 பிப்ரவரி. இடைவெளி இருபது மாதம். பதிவேட்டில் பிழை ஒன்றுமில்லை, படித்தவர் அந்தக் கால வழக்கம் தெரியாமல் படித்ததுதான் பிழை. இப்படித்தான் எத்தனையோ குடும்ப வரலாறுகளில் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக எழுதி, ஒரு பாவமும் அறியாத பெண்ணின் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள். ஒரு மே மாதம் கல்யாணம், அதே ஆண்டு பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஏட்டில் இருந்தால், பிள்ளை பிறந்தது கல்யாணத்துக்கு ஒன்பது மாதம் கழித்து. அந்தத் தாய்க்கு அவருடைய மானத்தைத் திருப்பிக் கொடுப்பது இந்த ஒரு சிறு கணக்கு. தேதி திருத்துவது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

உயில்களில் இன்னொரு கணக்கும் வரும். நம் கோயில் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்வது போலவே, அந்நாட்டு உயில்களிலும் சொல்வார்கள். ஷேக்ஸ்பியரின் உயிலில் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தை ஆண்ட 14ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தை ஆண்ட 49ஆம் ஆண்டு, கிறிஸ்து ஆண்டு 1616 என்று மூன்றும் இருக்கின்றன. முதலில் ஜனவரி என்று எழுதி, அடித்துவிட்டு மார்ச் என்று மாற்றியிருக்கிறார்கள். ஜேம்ஸின் 14ஆம் ஆண்டு தொடங்கியது 1616 மார்ச் 24. உயிலின் தேதி மார்ச் 25. அந்தக் கணக்குப்படி 1616ஆம் ஆண்டே அன்றைக்குத்தான் பிறந்தது! ஜனவரியில் முடித்திருந்தால் ஆட்சியாண்டு 13, கிறிஸ்து ஆண்டு 1615 என்று இருந்திருக்கும். எண் ஒன்று ஐயத்துக்கு இடமாக இருந்தால் மற்ற எண் அதைத் தீர்த்து வைக்கும். ஆகவே உயிலில் தலைப்பு வரிகளைத் தாண்டிப் போய்ச் சொத்துப் பட்டியலுக்கு ஓடாதீர்கள். தேதி வரியை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

ஆண்டு பிறக்கும் நாள் ஒரு பள்ளம் என்றால், நாட்காட்டியே மாறியது மற்றொன்று. 1752 செப்டம்பர் 2ஆம் தேதி படுத்த இங்கிலாந்து, மறுநாள் காலை செப்டம்பர் 14 என்று எழுந்தது. பதினொரு நாள் கழிந்தது. கலீலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். கலீலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி. அதைப் புதிய கணக்குக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. இரண்டு நாட்காட்டியைக் கலந்ததால் வந்த ஒற்றுமை அது! நியூட்டனின் தகப்பனார் 1642 அக்டோபர் 1இல் உயில் எழுதினார், 6ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளை முகம் பார்க்காத தகப்பன் என்பதை அந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இரண்டும் சரி. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எழுதினால்தான் தவறு.

பதிவேடே இல்லாவிட்டால்? அதற்கும் அந்த வீட்டிலேயே பாடம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே. ஞானஸ்நானப் பதிவு கிடையாது. கல்லறைப் பித்தளைத் தகடு, 1623 ஆகஸ்ட் 6இல் 67 வயதில் இறந்தார் என்கிறது. அப்படியானால் பிறப்பு 1555 அல்லது 1556. பதிவேடு தொடங்குவதோ 1558. தொடங்குவதற்கு முன் பிறந்தவர் எப்படி அதில் இருப்பார்? தகட்டில் 61ஐ 67 என்று செதுக்கியிருக்கலாமோ என்று கூட ஐயப்பட்டவர்கள் உண்டு. 61 என்றால் பிறப்பு 1562 வாக்கில். அப்போது பதிவேடு இருந்தது, அதில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லை. இல்லாததும் ஒரு சாட்சி, அன்பர்களே! அது தகட்டின் பக்கம்தான் பேசுகிறது.

சரி, ஆனின் தகப்பன் யார்? ஷாட்டரி என்ற சிற்றூரின் ரிச்சர்ட் ஹாத்தவே 1581 செப்டம்பர் 1இல் எழுதிய உயிலில் ஆன் என்ற மகளே இல்லை. ஆக்னஸ் என்றுதான் இருக்கிறது. ஆக்னஸுக்குத் திருமண நாளில் பத்து மார்க் பணம். அந்நாளில் இரண்டும் ஒரே பெயரின் வேறு வழக்காகப் புழங்கியவை. அது மட்டும் போதாதே! 1582 நவம்பர் 28இல் ஷேக்ஸ்பியரின் திருமணத்துக்காக நாற்பது பவுன் பிணை எழுதிக் கொடுத்த இருவர் ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன். ரிச்சர்ட் ஹாத்தவேயின் உயிலைப் பாருங்கள். சாண்டெல்ஸ் உயிலை நிறைவேற்றும் மேற்பார்வையாளர், ரிச்சர்ட்சன் சாட்சி! தகப்பன் சாவில் நின்றவர்களே மகளின் கல்யாணத்திலும் நின்றார்கள். இன்னும் கேளுங்கள். அந்தக் குடும்பத்தில் ஆடு மேய்த்த தாமஸ் விட்டிங்டன் 1601இல் எழுதிய உயிலில், தமக்கு வர வேண்டிய நாற்பது ஷில்லிங் வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது, அதை ஊர் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்கிறார். ஆடு மேய்த்தவரின் உயில் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணின் பிறந்த வீட்டுக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. உயில் தேடும்போது சொந்தத் தாத்தாவின் உயிலோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டார், பங்காளி, வேலையாள், கடன் கொடுத்தவர் எல்லோருடைய உயிலிலும் உங்கள் பாட்டியின் பெயர் இருக்கலாம்.

உயிலில் வயது நேராக எழுதியிருக்காது. ஆனால் வயதைக் கட்டிப்போடும் வரிகள் இருக்கும். "இருபத்தொரு வயதானதும் கொடுக்க" என்றால் அந்தத் தேதியில் பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகவில்லை. "வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு" என்றால் பிறப்பு அதற்குப் பின் சில மாதத்துக்குள். மணமாகாத மகள் என்றால் அவள் பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பின். கவிஞரின் தாய் மேரி ஆர்டனின் திருமணப் பதிவு நமக்குக் கிடையாது. அவர் தகப்பனார் ராபர்ட் ஆர்டனின் 1556 நவம்பர் உயிலில் அவர் மணமாகாத மகள். 1558 செப்டம்பரில் முதல் ஜோனுக்கு ஞானஸ்நானம். கல்யாணம் இந்த இரண்டுக்கும் நடுவே என்று நாம் அடித்துச் சொல்லலாம். ஒரு தேதி கிடைக்காவிட்டாலும் இரண்டு கரைகள் கிடைத்தன அல்லவா?

இதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன என்று நினைக்கிறவர் உண்டா? நம் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் கோயில் 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பதிவேட்டில் முதல் திருமணம் அதே ஆண்டு நவம்பர் 4இல் நடந்த, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் எலிஹு யேலின் திருமணம். 1752க்கு முந்தைய அந்தப் பதிவேட்டுத் தேதிகளெல்லாம் பழைய நாட்காட்டித் தேதிகள். அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுதியவை புதிய நாட்காட்டித் தேதிகள். 1740இல் ஒரே நாளில் சென்னையில் ஒரு குழந்தைக்கும் புதுச்சேரியில் ஒரு குழந்தைக்கும் ஞானஸ்நானம் ஆகியிருந்தால், இரண்டு ஏட்டிலும் பதினொரு நாள் வித்தியாசம் இருக்கும். இதை அறியாமல் நம் கடற்கரைக் குடும்பங்களின் தேதிகளைத் தொடவே கூடாது. 1726 அரச சாசனத்தின்படி சென்னை மேயர் நீதிமன்றத்துக்கு உயில்களை உறுதி செய்யும் அதிகாரம் வந்தது. பதிவேட்டுப் படிகள் சென்னை மாகாணத்திலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கே கரையான் தின்றது அங்கே பிழைத்திருக்கலாம்.

ஆகவே பெரியோர்களே, உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் குடும்பக் குறிப்பில் ஒரு பிறந்த தேதியை எழுதும்போது பக்கத்திலேயே இது பிறப்பா, ஞானஸ்நானமா, எந்தப் பதிவேடு, எந்த நாட்காட்டி என்று எழுதுங்கள். தாத்தா எழுதிய பழைய தேதியை அடித்துவிடாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். கீழே திருத்தமும் காரணமும் எழுதி, நாளைக்கு வருகிறவர் உங்களையும் சரிபார்க்க வழி வையுங்கள். ஊருக்குப் போனதும் உங்கள் போதகரையோ பங்குத்தந்தையையோ பார்த்து அனுமதி கேட்டு, கோயில் பீரோவில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகத்தையும் அடக்கப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியைச் சபையிலேயே ஒப்படையுங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரங்களோடு ஓர் உயில் கிடக்குமானால், சொத்து பிரித்தாகிவிட்டது, இனி எதற்கு என்று எறிந்துவிடாதீர்கள். அதைத் தேடி எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு இங்கே கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.